தைத்து மூடிய விரல்

மார்ச் 6

அன்புள்ள வாலு,

நாங்கள் நலம். உன் இருமல் விட்டதா? மாமாவுக்கு ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. முப்பத்தொன்பது வயதுக்காரியை இன்னும் வாலு என்று எழுதுகிறாயே என்று இப்போதுகூடக் கேலி செய்துவிட்டுப் போனார்.

நான் வேலை பார்க்கும் அருங்காட்சியக வீட்டில் ஒரு கூத்து நடக்கிறது. புதுக் காப்பாளர் வந்திருக்கிறார் என்று சொன்னேனே, மூக்குக்கண்ணாடி, அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. தொழிற்பயிற்சிப் பள்ளியிலிருந்து பத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார்கள். எல்லாருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக் கவிதை எழுத வேண்டுமாம். ஒரு பாத்திரத்தில் சீட்டுகள் போட்டு வைத்திருக்கிறார். சீட்டில் சாமான் பட்டியல் எண் மட்டும் இருக்கும். எந்த எண் விழுகிறதோ அந்தச் சாமானைப் பற்றித்தான் எழுத வேண்டும். சமையல் படிக்கும் பையனுக்குச் சாய்வு நாற்காலி விழுந்தது. மின்வேலை படிக்கிறவனுக்குக் கூடத்து விளக்கு விழுந்தது. தையல் படிக்கும் பெண்ணுக்கு ஒரு ஜோடிக் கையுறை.

என் பாடு, பத்துப் பேர் பின்னாலும் ஓடி "தொடாதே, தொடாதே" என்று கத்துவதுதான். இருபது வருடமாக அதைத்தானே செய்கிறேன் என்கிறாயா? இவர்கள் மூக்கால் தொடுகிறார்கள், அவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள்.

அறைக்குள் போன் எடுத்து வரக்கூடாது என்பதால் மாடியில் என் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் பேசினால் நீ சிரித்தே எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

---

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

நலம். இருமல் போய்விட்டது, தும்மல் வந்திருக்கிறது. நாற்றுப் பண்ணையில் இப்போது பூக்காலம், தும்மாமல் வேலை செய்கிறவர் இங்கே ஒருவரும் இல்லை. மாமாவிடம் சொல், எனக்கு எழுபது வயதானாலும் வாலுதான்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துச் சிரித்தேன். அந்தப் பிள்ளைகளை விரட்டாதே. நான் நட்ட எலுமிச்சை எப்படி இருக்கிறது? வடக்கு வேலிச் செடியை யாராவது ஒழுங்காக வெட்டுகிறார்களா, இல்லை, மாடு மேய்ந்த மாதிரி இருக்கிறதா?

ஒன்று மட்டும் புரியவில்லை. ஆறு வருடம் அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவள் நான். அந்த வீட்டின் ஒவ்வொரு சாமானும் எனக்குத் தெரியும். அங்கே கையுறை ஏது? அந்த வீட்டுக்கார அம்மாள் மண்ணைத் தொட்டதாகவே யாரும் சொல்லிக் கேட்டதில்லையே. எந்தக் கையுறை, அக்கா?

உன் வாலு

---

ஏப்ரல் 10

அன்புள்ள வாலு,

நலம், நலமறிய ஆவல். தும்மலுக்கு வெந்நீர் ஆவி பிடி. எலுமிச்சை நன்றாக இருக்கிறது, காய் கொத்துக் கொத்தாக விடுகிறது. வேலி நீ சொன்ன மாதிரிதான், மாடு மேய்ந்த கோலம்.

பிள்ளைகள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மின்வேலைக்காரன் விளக்கைப் பார்த்து, "விளக்கே, உன் அழகில் மயங்கினேன், ஆனால் உன் ஒயரை மாற்ற வேண்டும்" என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். மூக்குக்கண்ணாடி, "இது கவிதையா, புகாரா?" என்று கேட்டார். "ரெண்டும்தான் சார்" என்றான். ஆளை விட்டுப் பார்த்தால் உள்ளே ஒயர் நிஜமாகவே கருகிக் கிடந்தது! அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் அவனை மரியாதையாகப் பார்க்கிறோம்.

இந்த மாதம் வேலை அதிகம். மாடிப் படிக்கட்டுக் கைப்பிடி முழுவதும் நான் ஒருத்திதான் மெழுகு போட்டேன். தோள் விண்விண் என்கிறது. மற்றவை அடுத்த கடிதத்தில்.

உன் அக்கா

---

ஏப்ரல் 19

அக்கா,

நலம்.

எந்தக் கையுறை?

வாலு

---

மே 2

அன்புள்ள வாலு,

நீ விடமாட்டாய். சின்ன வயதிலிருந்தே பிடித்தால் பிடிதான்.

உன்னுடையதுதான். உன் பழுப்புத் தோல் கையுறை.

நீ இங்கிருந்து போன அடுத்த மாதம் நிர்வாகம் மாறியது. வீட்டில் இருக்கும் சாமான் எல்லாவற்றுக்கும் எண் போட வேண்டும் என்று மூன்று நாள் பட்டியல் எடுத்தார்கள். குமாஸ்தா சாமானைச் சொல்லச் சொல்ல நான் அட்டை கட்டினேன். பின்படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் உன் கையுறை தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அங்கே மாட்டி வைத்திருந்தேன், நீ திரும்பி வந்தால் கேட்பாய் என்று. அவர் கையில் எடுத்து, "இது யாரோடது? அந்தக் காலத்து அம்மாவோடதா?" என்று கேட்டார். என் தங்கையோடது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மௌனத்தை அவர் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார். பட்டியல் எண் 212, வீட்டுத் தலைவியின் தோட்டக் கையுறை.

பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தினமும் காலையில் முதல் வேலையாக அந்தப் பெட்டியைத்தான் துடைக்கிறேன். இடது கை மோதிர விரலில் பாதியைத் தைத்து மூடியிருப்பதை வந்தவர்கள் கேட்கக் கேட்க, வழிகாட்டிகள் கதை கட்டிவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு ரோஜா முள் குத்தி, புண்ணாகி, விரலை எடுத்துவிட்டார்களாம். வெளியூர்க்காரர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

இப்போது அந்தத் தையல் பெண், கூட்டாளிகள் ஊசி என்று கூப்பிடுவார்கள், அவள் எழுதியதைக் கீழே படி எடுத்து வைக்கிறேன்.

*இடது கை.*
*நான்காவது விரலில் பாதி இல்லை,*
*அந்த இடத்தைத் தைத்து மூடியிருக்கிறது.*

*ஒரு தடவை தைத்தால் போதும்,*
*மண் உள்ளே போகாது.*
*மூன்று தடவை தைத்திருக்கிறது.*
*மிச்சம் இரண்டும் யாருக்காக?*

*தைத்தது நீ இல்லை.*
*ஒற்றைக் கையால் இப்படி இழுக்க முடியாது.*
*உன் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து*
*பேசாமல் தைத்திருக்கிறார்கள்.*

*மறுநாள் இதை மாட்டிக்கொண்டு*
*நீ ஒரு கன்று நட்டிருப்பாய்.*
*அந்த மாதிரி ஒரு மர நிழலில் இருந்துதான்*
*இதை எழுதுகிறேன்.*

*நன்றி, விரல் போன பிறகும் நட்டவளுக்கு.*
*நன்றி, தேவைக்கு மேல் தைத்தவளுக்கு.*

இதுதான் பத்திலும் முதல் கவிதை என்று மூக்குக்கண்ணாடி தேர்ந்தெடுத்துவிட்டார். ஜூலையில் புத்தகமாகப் போட்டு, தோட்டத்தில் விழா வைத்து, அவளையே படிக்கச் சொல்லப் போகிறார். அந்தப் பெண் இதுவரை எதிலும் முதலாக வந்ததே இல்லையாம். "எனக்கா? எனக்கா?" என்று நாலு தரம் கேட்டாள்.

நான் உண்மையைச் சொன்னால் கையுறை பெட்டியை விட்டுப் போகும், அவள் கவிதை புத்தகத்தை விட்டுப் போகும். சொல்லாவிட்டால் அவள் மேடையில் நின்று ஒரு பொய்க்கு நன்றி சொல்வாள். என்னடி செய்யட்டும்?

உன் அக்கா

---

மே 15

அன்புள்ள அக்கா,

நலம். முதலில் ஒரு கேள்வி. கூடத்தில் தொங்கும் படத்தில் அந்த அம்மாளுக்குப் பத்து விரலும் இருக்கிறதே! பன்னிரண்டு வருடமாக ஒருத்தரும் எண்ணிப் பார்க்கவில்லையா? பண்ணையில் நாற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் இரண்டு தட்டு கவிழ்ந்தது.

பிறகு கவிதையைப் படித்தேன். அன்றைக்கு மேற்கொண்டு எனக்கு வேலை ஓடவில்லை. யாரோ முகம் தெரியாத ஒரு பெண் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாள், அக்கா. ஆறு வருடம் அந்தத் தோட்டத்தில் முதுகு ஒடிந்ததற்கு, "பூவெல்லாம் நல்லாருக்கு" என்று சொன்னவர்கள் உண்டு. யார் நட்டது என்று கேட்டவர் கிடையாது. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

ஆகவே நீ வாயைத் திறக்காதே. கையுறை யாருடையது என்று சொன்னால் அடுத்த கேள்வி, விரல் எப்படிப் போனது என்பதாக இருக்கும். அப்போது நான் ஆபீஸில் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்ப்பார்கள். காற்றில் கதவு சாத்திக்கொண்டது, என் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். அந்த வேலை போனால் நீ ஒரு வாரத்தில் படுத்துவிடுவாய், எனக்குத் தெரியாதா உன்னை?

படத்துக்கு மட்டும் ஏதாவது திரை போட்டு வை.

உன் வாலு

---

ஜூன் 1

அன்புள்ள வாலு,

மாமாவுக்கு லேசாகச் சளி, மற்றபடி நலம். படத்திலுள்ள விரல்களை ஒரு சின்னப் பெண் போன வருடமே எண்ணிவிட்டாள். ஓவியர் மரியாதைக்காக விரலைச் சேர்த்து வரைந்தார் என்று வழிகாட்டி கூசாமல் சொல்லிவிட்டார்.

போன சனிக்கிழமை ஊசி எல்லாரும் போன பிறகு தங்கிவிட்டாள். பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே, "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளேன்."

"இந்தத் தையல் நூல் பாலியஸ்டர். என் டப்பாவுல இதே பச்சை இருக்கு. அந்தம்மா காலத்துல இந்த நூலே கிடையாது."

துடைக்கும் துணியைக் கீழே வைத்தேன். "எப்ப கண்டுபிடிச்சே?" என்றேன்.

"கவிதை எழுதிக் குடுத்த மறு வாரமே. வெயில் பட்டப்ப பளபளன்னு தெரிஞ்சுது. சொன்னா கவிதையை எடுத்துருவாங்கன்னு பயந்து சும்மா இருந்துட்டேன். இப்ப புத்தகம் வருதுன்னு சொன்னதும் சாப்பாடு எறங்கல. பொய்யின்னு தெரிஞ்சே எப்படிப் படிக்கிறது? சார்கிட்ட சொல்லி எடுத்துறச் சொல்லப் போறேன்."

அழுதுவிடுவாளோ என்று பார்த்தேன். அழவில்லை. பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள். ஒரு வாரம் பொறு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பதினெட்டு வயதுப் பிள்ளை தனக்குக் கிடைத்த ஒரே பரிசைத் தானே திருப்பிக் கொடுக்க வந்து நிற்கிறது. நான் பன்னிரண்டு வருடமாகத் துணியும் கையுமாக நின்று துடைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, வாலு. நீ என்ன சொல்கிறாய்? உடனே எழுது.

உன் அக்கா

---

ஜூன் 14

அன்புள்ள வாலு,

உன் பதில் வரவில்லை. ஒரு வாரம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன், இரண்டு வாரம் ஆயிற்று. அதற்கு மேல் இழுக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

நேற்று காலை மூக்குக்கண்ணாடியின் அறைக்கு ஊசியையும் அழைத்துக்கொண்டு போனேன். கையுறை என் தங்கையுடையது, நூல் என்னுடையது, தைத்ததும் நான்தான் என்றேன். நீ பயந்த மாதிரியே அவர் கேட்டார், "விரல் எப்படிம்மா போச்சு?"

அதையும் சொன்னேன். உனக்கும் ஒரு தடவை எழுதுகிறேன், ஏனென்றால் உன்னிடமும் நான் இதை வாயால் சொன்னதே இல்லை. தோட்டத்து இரும்புக் கதவின் கீலுக்கு எண்ணெய் விடப் போகிறேன் என்று மத்தியானமே நீ சொன்னாய். நான் மறந்துவிட்டேன். ஐந்து மணி ஆனதும் பார்வையாளர் போய்விட்டார்களா என்று மட்டும் பார்த்தேன். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் முழு பலத்தோடு இழுத்துச் சாத்தினேன். நீ கத்தினாய். அந்த இரும்புக் கதவைப் புயல் வந்தாலும் அசைக்க முடியாது, காற்று சாத்தியது என்று நீ எழுதிக் கொடுத்தாய், ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என்னை மன்னித்துவிடு. நீ என் வேலையைக் காப்பாற்றினாய். அந்த வேலையில்தான் வீட்டு வாடகை கொடுத்தேன், மாமாவுக்கு வைத்தியம் பார்த்தேன், இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்தேன். ஒரு நாள்கூட உனக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், நன்றி வாலு. இதைச் சொல்லவே எனக்கு ஒரு சின்னப் பெண்ணின் கவிதை தேவைப்பட்டிருக்கிறது, பார்.

மூக்குக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நிர்வாகக் குழுவுக்கு எழுதியாக வேண்டும் என்றார். வெளியே வந்ததும் ஊசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை இருக்குமா, போகுமா என்று இன்னும் தெரியாது.

உன் அக்கா

---

ஜூலை 6

அன்புள்ள வாலு,

கோபமா? உடம்பு சரியில்லையா? பண்ணை எண்ணுக்குப் போன் போட்டேன், நீ வெளியூரில் நாற்று இறக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தது, அது போதும்.

வேலை போகவில்லை. எழுத்தில் ஒரு கண்டிப்பு கொடுத்தார்கள், மாடி அறைகளிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனிமேல் எனக்கு எங்கே வேலை தெரியுமா? தோட்டக் கதவடியில்! குழுவில் யாருக்கோ நகைச்சுவை உணர்வு இருக்கிறது. ஐந்து மணிக்கு இரண்டு பக்கமும் நாலு தரம் பார்த்துவிட்டுத்தான் சாத்துகிறேன். பார்வையாளர்கள் பொறுமை இழக்கிறார்கள்.

நேற்று விழா நடந்தது. ஊசியின் கவிதையை எடுக்கவில்லை. "இந்தப் பொண்ணு கண்ணால பாத்ததத்தானே எழுதியிருக்கு, தப்பு நம்ம பட்டியல்லதான்" என்று மூக்குக்கண்ணாடி குழுவிடம் ஒரே பிடியாக நின்றாராம். அவளும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மேலே இருந்த 'பட்டியல் எண் 212' என்பதை மட்டும் அடித்துவிட்டு, 'இந்தத் தோட்டத்தில் ஆறு வருடம் வேலை செய்தவருக்கு' என்று போட்டாள். நூறு பேருக்கு முன்னால் குரல் நடுங்காமல் படித்தாள். நான்தான் கடைசி வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவள் உன் முகவரி கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

ஒரு வரி எழுது.

உன் அக்கா

---

ஜூலை 12

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை ஊசி என்பார்கள். உங்கள் கையுறையைப் பற்றிக் கவிதை எழுதியது நான்தான்.

நூறு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனவருக்கு நன்றி சொல்கிறோம், எங்கே கேட்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. உங்கள் அக்கா உண்மையைச் சொன்ன அன்று நான் பக்கத்தில் இருந்தேன். நாற்காலி கொடுத்தும் அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். என் கவிதை எனக்கே கிடைத்தது அவரால்தான்.

ஒரே ஒரு சந்தேகம். மூன்று முறை ஏன் தைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "நூல் மிச்சமிருந்துது" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தையல் படிக்கிறவள், அதை நம்ப மாட்டேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

புத்தகம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஊசி

---

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

உடம்பு நலம். மனசுதான் நலமாக இல்லாமல் இருந்தது, இப்போது பரவாயில்லை. உனக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஊசிக்கு முதலில் பதில் போட்டுவிட்டேன். மூன்று முறை தைத்தவளுக்குப் பேச வரவில்லை, அதனால் தைத்தாள் என்று எழுதினேன். புத்தகத்தைப் பண்ணையில் எல்லாரும் படித்துவிட்டார்கள், மண் கறை படிந்துவிட்டது.

நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். இனி நான் சொல்லாததைச் சொல்கிறேன்.

விரல் போனதற்காக நான் ஊரை விட்டு வரவில்லை. அதை நான் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே மன்னித்துவிட்டேன். கட்டுப் பிரித்த நாளிலிருந்து நீ என் கையைப் பார்க்கவே இல்லை. சாப்பாடு போடும்போது சுவரைப் பார்த்துப் போட்டாய். டம்ளரை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாய். எட்டு மாதம் பொறுத்தேன். என் கையைப் பார்த்தால் உனக்கு வலிக்கிறது, நான் கண்ணில் படாமல் இருந்தால் உனக்கு நிம்மதி என்று நினைத்துத்தான் கிளம்பினேன். நீயும் தடுக்கவில்லை.

பன்னிரண்டு வருடம் தினமும் அந்தப் பெட்டியைத் துடைத்ததாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன் அந்த எட்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் என் கையைப் பார்த்திருந்தால் நான் போயே இருக்க மாட்டேன், அக்கா. இதை எழுதும்போது கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது. ஆனாலும் துடைத்தாயே! நீ என் கையை மறந்துவிட்டாய் என்று நினைத்திருந்தவள் நான். இல்லை என்று தெரியவைத்ததற்கு உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

பத்து நாள் விடுப்பு வாங்கிவிட்டேன். இருபதாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். மாமாவிடம் சொல். பெட்டியை நானே தூக்கிக்கொள்வேன், நீ ஓடிவந்து அதைப் பிடுங்காதே. இறங்கியதும் இடது கையை நீட்டுவேன். சுவரைத் தேடாமல், என் கையைப் பார்த்து, பிடித்துக்கொள். அது போதும் எனக்கு.

உன் வாலு